குதிரையைப் பழக்குதலும் வதைத்தலும்

ஓட்டப் பந்தயத்திற்காகவும் வேடிக்கைப் போட்டிகளுக்காகவும் குதிரைகளைப் பழக்குவது ஆகுமானதா என்று சிலர் நம்மிடம் வினவுகின்றனர். குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை நாம் ஏறிச் செல்லவும் நமக்கு அலங்காரமாகவும் படைத்திருப்பதாக அல்லாஹுதஆலா ஸூரத்துன் நஹ்லில் அறிவிக்கிறான். ஆகவே ஏறுவதிலோ பழக்குவதிலோ தடையில்லை. எப்படிப் பழக்குகிறோம் என்பதே கேள்வி.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி ஷரீபில் வரும் ஹதீஸ் இது. 'இள்மார்' செய்யப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை ஏறத்தாழ 6 மைல் ஓடின. இள்மார் என்பது, நன்கு தீனி கொடுத்துக் கொழுக்கச் செய்து, பின் தீனியைப் படிப்படியாகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்க வைத்து உடலை இறுகச் செய்யும் பயிற்சி. அந்தப் பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் மஸ்ஜித் வரை, ஒரு மைல் அளவே தூரம் குறிக்கப்பட்டது. எந்தக் குதிரைக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்த்தே தூரம் வகுத்தார்கள்!

இனி, 2021-ல் டோக்கியோவில் நடந்ததைப் பாருங்கள். ஒலிம்பிக்கின் நவீன ஐந்திறப் போட்டியில் அப்போது வீரர் தம் சொந்தக் குதிரையில் ஏறவில்லை. சீட்டுக் குலுக்கிக் கிடைத்த குதிரையோடு பழக 20 நிமிடமே அவகாசம் இருந்தது. முதலிடத்திலிருந்த ஜெர்மானியப் பெண்ணுக்குக் கிடைத்த குதிரை தடையைத் தாண்ட மறுத்தது. அவள் சாட்டையால் அடித்தாள். பயிற்சியாளர் முஷ்டியால் குத்தினார். பயிற்சியாளர் வெளியேற்றப்பட்டார். 2024 பாரிஸ் போட்டியோடு அதில் குதிரையேற்றமே கைவிடப்பட்டது.

தாளம் தப்பாமல் குதிரையை நடக்கச் செய்யும் போட்டியும் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் அதற்காகக் கடிவாளத்தை இழுத்துக் குதிரையின் முகவாய் நெஞ்சில் படுமளவு கழுத்தை மடக்கும் வழக்கம் பரவிற்று. பலாத்காரமாக அப்படிச் செய்வது கூடாதென்று சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 2010-ல் அறிவித்தது. 2024-ல், ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற பிரிட்டிஷ் வீராங்கனை ஒருவர் பயிற்சியின்போது குதிரையின் கால்களில் நீண்ட சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த படம் வெளியாகி, ஓராண்டுத் தடை பெற்றார்.

அடியே கூடாதா எனில், அப்படியன்று. ஜாபிர் (ரலி) அவர்களின் களைத்த ஒட்டகையை நபியவர்களே தட்டி ஓட்டியிருக்கிறார்கள். தேவையளவு தட்டுவதை ஃபுகஹாக்கள் அனுமதிக்கின்றனர். முகத்தில் அடிப்பதோ தடுக்கப்பட்டுள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முரண்டு பிடித்த ஒட்டகையை முன்னும் பின்னும் திருப்பி அலைக்கழித்தபோது, மென்மையாக நடத்தும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். பழக்குவோருக்கு இதைவிட நேரான பாடம் வேறென்ன?

மேல்நாட்டாரைக் குறை கூறிவிட்டு நாம் எழுந்து போக முடியாது. ஒரே நாளில் 160 கிலோமீட்டர் வரை ஓடும் நெடுந்தூரப் பந்தயங்கள் அரபு நாடுகளில் பிரபலம். கட்டந்தோறும் வைத்தியர் நாடியும் நடையும் பார்த்து, தாங்காத குதிரையை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. அப்பந்தயங்களில் குதிரைகள் படும் பாட்டிற்காக, 2015-ல் அச்சம்மேளனம் ஐக்கிய அரபு அமீரகத்தின் அமைப்பைத் தற்காலிகமாக விலக்கி வைத்தது. மதீனத்துப் பந்தயத்தின் ஹதீஸை ஓதுகின்ற நம்மவருக்கு, வெளியார் வந்து இதைச் சொல்லவேண்டியதாயிற்று.