சிபாப் மெஷின்: எந்த யோசனையைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது

உறக்கத்தில் தொண்டைப் பாதை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருவது ஸ்லீப் ஆப்னியா. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் உலகுக்கு அறிவித்த சிபாப் முறையில், மாஸ்க் வழியே விடாமல் செலுத்தப்படும் காற்று அந்தப் பாதையைத் திறந்தே வைக்கிறது. மெஷினில் மாற்றக்கூடியவை இரு வகை: காற்றின் அழுத்தம் ஒன்று, மாஸ்க், ஈரப்பதம் முதலிய வசதிகள் மற்றொன்று. ஏற்கெனவே மெஷின் போட்டுத் தூங்கும் மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லும் யோசனை இரண்டாவதற்குத்தான் பொருந்தும்.

அழுத்தம் பெரும்பாலும் 4 முதல் 20 செ.மீ. நீர் அளவுக்குள் வைக்கப்படுகிறது. ஒருவருக்கு 8 போதும், இன்னொருவருக்கு 14 வேண்டியிருக்கும். கழுத்துப் பருமன், தாடை, மல்லாந்து படுக்கும் பழக்கம் என்று காரணங்கள் பல. தேவைக்கு மேல் கூட்டினால் வயிறு உப்பும். சிலருக்கு மூளையே மூச்சுக்கு உத்தரவிடத் தவறும் சென்ட்ரல் ஆப்னியாவும் தலைகாட்டும். ஒரே அழுத்தத்தில் ஓடும் மெஷினைவிட, தேவைக்கேற்பத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ மெஷின் பலருக்கு வசதி. இதயச் செயலிழப்போ முற்றிய நுரையீரல் நோயோ இருப்பவருக்கு அது பொருந்தாமல் போகலாம். அங்கே முடிவு மருத்துவருடையது.

அழுத்தம் போதவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு உண்மைக் குறை மாஸ்க் ஒழுகல்தான். மூக்கு மாஸ்க்கின் கீழ் விளிம்பு மேலுதட்டில் உட்காருவதால் அடர்ந்த மீசைக்காரருக்குக் காற்று கசியும். நாசித் துவாரத்திலேயே பொருந்தும் சிறு வகை அவருக்கு மேல். வாய் திறந்து தூங்குபவருக்கும் மூக்கடைப்புக்காரருக்கும் வாயையும் மூடும் முழு மாஸ்க். முகத்தில் எண்ணெய் வழிந்தால் எந்த மாஸ்க்கும் நழுவும். படுக்கப் போகுமுன் சோப்புப் போட்டு முகம் கழுவினால் போதும். வாரைச் சும்மா இறுக்கிக்கொண்டே போனால் மூக்கின் மேல் புண்தான் மிஞ்சும். தொடக்கத்தில் திணறுபவருக்கு, குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து மெல்ல ஏறும் ரேம்ப் வசதி உதவும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார வறட்சியில் தொண்டை காய்வதாகச் சொல்பவர்களுக்குக் காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையர் நல்லது. ஆனால் உப்புத் தண்ணீரை ஊற்றினால் தொட்டியில் வெள்ளையாகப் படிவு கட்டும். இன்வெர்ட்டருக்கு வாங்கிய பேட்டரி தண்ணீரை ஊற்றலாம் என்ற யோசனையும் வரும். மூச்சில் கலக்கும் தண்ணீருக்கு அது ஆகாது. மருந்துக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரே சரி, அதையும் தினமும் மாற்ற வேண்டும். ஏசி அறையில் குழாய்க்குள் நீர் கோத்து முகத்தில் தெறிக்கும். சூடாகும் குழாய் அங்கேதான் தேவை. ஃபேன் மட்டும் ஓடும் வீட்டில் அது பெரும்பாலும் வீண்செலவு. கரண்ட் போனால் மின்சாரத்தை அதிகம் தின்பது ஹ்யூமிடிஃபையரின் சூடேற்றிதான். அதை அணைத்துவிட்டால் இன்வெர்ட்டர் வெகுநேரம் தாங்கும்.

சீமைக்கருவேல் கரிமூட்டப் புகையும் செம்மண், கரிசல் புழுதியும் வரும் ஊர்களில், மெஷினின் வடிகட்டியை நிறம் மாறியதும் மாற்றுவது நல்லது. ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் கருவிகளைத் தவிர்க்கலாம். 2021-இல் பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபாப் மெஷின்களில் பல மாடல்களைத் திரும்பப் பெற்றபோது, உள்ளிருக்கும் நுரை சிதைவதை ஓசோன் கூட்டலாம் என்று எச்சரித்தது.

திரையில் காட்டும் ஏஹெச்ஐ, அதாவது ஒரு மணி நேரத்துக்கு மூச்சு நிற்கும் அல்லது குறையும் தடவைகள், 5-க்குள் இருப்பதே இலக்கு. ஒழுகலைச் சரிசெய்த பிறகும் அது இறங்காவிட்டால், பகல் தூக்கமோ காலைத் தலைவலியோ திரும்பினால், உடல் எடை வெகுவாகக் கூடினாலோ குறைந்தாலோ, அழுத்தத்தைத் திருத்த மெஷினின் பதிவு அட்டையோடு மருத்துவரிடம் போக வேண்டும். மாஸ்க்கையும் கையோடு கொண்டுபோனால் அதன் பொருத்தத்தையும் அங்கேயே பார்த்துவிடலாம்.