‘நிற்க’வுக்கு முன்னும் பின்னும்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம். கோமுகி அணையில் தண்ணீர் இருக்கிறது. கரும்பு இடுப்பளவு வந்துவிட்டது. உன் சுகத்துக்கும் உன் அம்மா சுகத்துக்கும் எழுது.

நிற்க. மலேசியாவில் இருக்கும் என் அத்தையின் மூத்த மகனுக்கு நீ எழுதி, என் பார்வைக்கு அனுப்பிய கடிதத்தை மூன்று முறை படித்தேன். ‘டியர் அங்கிள், எங்கள் பூர்வீக நிலத்தின் கூட்டுப் பட்டாவைப் பிரிக்க ஒரு சம்பிரதாயத்துக்காக உங்கள் கையெழுத்து தேவைப்படுகிறது’ என்று ஆரம்பித்திருக்கிறாய். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த ஒரே வரியில் மூன்று இடத்தில் கால் வழுக்குகிறது.

முதலாவது, ‘அங்கிள்’. அவர் எனக்கு மச்சான். உன் அம்மாவுக்கு அத்தை மகன், அவளைவிட மூத்தவர். அப்படியானால் உனக்குப் பெரியப்பா முறை. நீ பார்த்தே இராத ஒருவரைப் பெரியப்பா என்று கூப்பிடக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் எழுது. ‘அங்கிள்’ என்று பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடலாம்; பெரியப்பா என்றால் யார் வழியில் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு நீ சொல்லும் பதில்தான் உன் அறிமுகம்.

இரண்டாவது, ‘எங்கள்’. படிக்கிறவரை வெளியே நிறுத்திவிடுகிற சொல் அது. ‘நம்’ என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். தமிழ் இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பது இந்த மாதிரி நேரத்துக்காகத்தான். ‘நம் பூர்வீக நிலம்’ என்று எழுது.

மூன்றாவது, ‘சம்பிரதாயத்துக்காக’. இதுதான் பெரிய சறுக்கல், ஏனென்றால் இது பொய். என் தாத்தா உயில் எழுதாமல் 1968-ல் காலமானார். 1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துவிட்டது. மகளான அத்தைக்கும் பங்கு உண்டு. இப்போது அது அவர் பிள்ளைகளுடையது. சாவுக்குத் தந்தி கொடுத்த நம் வீடு, நிலத்தைப் பற்றி அத்தைக்கு ஒரு வரி எழுதவில்லை. அது நம்முடைய தவறு. அதற்குச் சம்பிரதாயம் என்று பெயர் வைக்காதே.

‘இதையெல்லாம் பட்டவர்த்தனமாக எழுதினால் பங்கு கேட்பார்களே, சுற்றி வளைத்து எழுதச் சொல்கிறாள் அம்மா’ என்கிறாய். உனக்கு ஒன்று சொல்கிறேன். எண்பதுகளில் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் வேலை பார்த்தேன். தபால் கொடுப்பதோடு, படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவது, எழுதிக் கொடுப்பது எல்லாம் நான்தான். ஒரு நாள் ஒரு கிழவி வந்தாள். மகன் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருந்தான். “பணம் அனுப்பச் சொல்லி எழுதட்டுமா?” என்றேன். “அய்யய்யோ, பணம்னு எழுதாத சாமி. இந்த வருசம் சாமை வெளையலன்னு மட்டும் எழுது” என்றாள். அவ்வளவுதான் கடிதம். பத்து நாளில் மணியார்டர் வந்தது.

அந்தச் சாடை பலித்தது ஏன்? சாமை விளையாத வருசம் அடுப்பு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். சாடை என்பது ஒரே அடுப்பில் குளிர் காய்ந்தவர்களுக்குள் நடக்கிற பேச்சு. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உன் பெரியப்பாவுக்கு நம் சாடை எட்டாது. எட்டினாலும், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் படும். நெருங்கினவரிடம் குறிப்பாகச் சொல்; தூரத்தில் இருப்பவரிடம் தெளிவாகச் சொல். மரியாதை அதுதான்.

இனி, எப்படி எழுதுவது? ‘நிற்க’ என்ற சொல்லை நடுவில் வைத்துக்கொள். அதற்கு முன்னால் உறவு, பின்னால் காரியம். இரண்டையும் கலக்காதே.

முன்னால்: நீ யாருடைய பேத்தி என்று சொல். ஊரைச் சொல்லும்போது பழைய விலாசத்தையும் சேர். 2019 நவம்பரில்தான் நாம் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனோம். அதற்கு முன் விழுப்புரம், 1993 வரை தென் ஆற்காடு. அத்தை 1951-ல் ‘ரஜூலா’ கப்பலேறினபோது அவர் மனதில் கொண்டுபோனது ‘தென் ஆற்காடு ஜில்லா, கள்ளக்குறிச்சி தாலுகா, கச்சிராயபாளையம்’. அங்கே பெட்டியில் ஏதாவது பழைய உறை இருந்தால் அதில் இருப்பதும் அதுவே. பிறகு, அத்தை போய்ப் பதினொரு வருசமாகியும் துக்கம் விசாரித்து நாம் எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள். ஒரே ஒரு முறை. இரண்டாம் முறை மன்னிப்புக் கேட்டால் நடிப்பாகிவிடும்.

பின்னால்: நிலம் எவ்வளவு, பட்டாவில் யார் யார் பெயர், அத்தை பிள்ளைகளின் பங்கு என்ன என்று எழுது. பங்கை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், விருப்பமிருந்தால் விடுதலைப் பத்திரம் கொடுக்கலாம் என்று மூன்றையும் ஒரே குரலில் சொல். மூன்றாவதை மட்டும் தேன் தடவி எழுதாதே. தூதரகச் சான்றொப்பம், அதிகாரப் பத்திரம், அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டிய முத்திரைத் தீர்வை, இதெல்லாம் இரண்டாவது கடிதத்துக்கு. முதல் கடிதத்தோடு படிவம் எதையும் இணைக்காதே. கையெழுத்துக்கு இடம் விட்ட தாள் உள்ளே இருந்தால், ‘நிற்க’வுக்கு முன்னால் எழுதியதை யாரும் நம்பமாட்டார்கள். ‘மறு தபாலில் பதில் போடவும்’ என்ற வழக்கமான வரியும் வேண்டாம். ஐம்பது வருசத்துக்கு மேல் காக்க வைத்தது நாம்.

மற்றவை நேரில்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: தாத்தா காரியம் முடிந்து அத்தை போட்ட கடிதம் ட்ரங்குப் பெட்டியில் கிடைத்தது. கடைசி வரியில், ‘கிணற்றடிப் புளியமரம் இன்னும் காய்க்கிறதா?’ என்று கேட்டிருக்கிறார். யாரும் பதில் போட்டதாகத் தெரியவில்லை. அதை அவர் மகனுக்கு எழுது. ரோடு அகலப்படுத்தினபோது வெட்டிவிட்டார்கள் என்பதையும் எழுது.