மனையில் ஒரு சிறுவனம்

கேள்வி: பத்து சென்ட் மனையில் வீடு கட்டியிருக்கிறோம். வீடு போக எஞ்சிய இடத்தில், பூந்தொட்டியும் புல்தரையும் இல்லாமல், இயற்கையான ஒரு சிறு காடு வளர்க்க ஆசை. எந்த மரங்களை எப்படி வைப்பது? சருகு சேர்ந்தால் பாம்பு அடையுமென்று மாமியார் அஞ்சுகிறார்.
— ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: தங்கள் ஆசை மிகவும் சிலாக்கியமானது. கன்று வாங்கப் புறப்படுமுன், ஒரு தரம் புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காட்டுக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள். சோழமண்டலக் கரைக்கு உரிய உலர் பசுமைமாறாக் காட்டில், தெய்வ பக்தியின் காரணமாகக் கோடரிக்குத் தப்பிய பகுதிகளுள் அது ஒன்று. சித்திரை வெயிலிலும் இலையை முற்றும் உதிர்த்துவிடாத வீரை, காசா, கருங்காலி முதலிய அவ்வினத்து விருக்ஷங்கள் தங்கள் மண்ணுக்கும் மழைக்கும் ஜன்ம பந்துக்கள். 1968-இல் தோன்றிய ஆரோவில்லில், அரிப்புண்டு பொட்டலாய்க் கிடந்த செம்மண் மேட்டில் இவ்வகை மரங்கள் மீண்டும் வளர்ந்திருப்பதால், தங்கள் முயற்சி பலிக்குமோ என்ற சந்தேகமும் வேண்டாம்.

மரங்களை வரிசையாக நட்டால் அது தோப்பாகுமேயன்றி வனமாகாது. வனத்தின் ஸ்வபாவம் அடுக்கு. வேலியோரமாக, சுவரிலிருந்து பதினைந்து அடியேனும் தள்ளி, வீரை, மகிழம், நாவல் என நெடுமரங்கள் மூன்று நான்கு போதும். அவற்றின் நிழலோரத்தில் காசாவும் காட்டெலுமிச்சையும், அவற்றுக்குக் கீழே வெட்சியும் கிளாவும் நிற்கட்டும். சுவரைப் பிளக்கும் ஆலும் அரசும் இம்மனைக்கு ஆகா. காட்டெலுமிச்சைத் தளிரில் பறவை எச்சம்போல் ஏதேனும் ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள். சற்று நேரம் கவனித்தால் அது நகரும். கறிவேப்பிலையிலும் காணக்கூடிய அந்தப் புழுவே பின்னர்க் கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகப் பறப்பது.

மாமியாரின் அச்சம் நியாயமானது. எனினும் பாம்பை வீட்டண்டை இழுப்பவை பெரும்பாலும் எலியும், எலிக்கு இடந்தரும் செங்கல், விறகுக் குவியல்களுமே. ஆகவே, வீட்டைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்கு நாள்தோறும் பெருக்கி வெறுந்தரையாக வைத்துக்கொண்டு, இரவில் விளக்கோடு நடந்து, அதற்கு அப்பாலுள்ள சருகைத் தொடாமல் விட்டுவிடுங்கள். மண்ணின் ஈரத்தைக் காத்து, மட்கி எருவாகி, கறையானுக்கும் மண்புழுவுக்கும் ஆகாரமாவது அதுதான். சருகைக் கூட்டி எரிக்கும் வீட்டில் மரம் வளரலாம், வனம் வளராது.

ஆவணியில் குழியெடுத்து, ஐப்பசி மழை மண்ணில் இறங்கியதும் நடுங்கள். முதல் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் அவசியம். அதன்பின், சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் தலைகாட்டும்போதே வேரோடு பிடுங்குவதுதான் தங்களுக்கு எஞ்சும் பிரதான வேலை.