இரண்டு பழைய லேப்டாப், ஒரு நல்ல லேப்டாப்: வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

தீபாவளி முடிந்ததும் சிவகாசி பக்கம் பல பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடியிருக்கும். எங்கள் அம்மா வேலை பார்க்கும் ஆலையும் அப்படித்தான். அந்த நாட்களில் வீட்டில் பெரிய செலவைப் பற்றிப் பேசவே முடியாது. சரியாக அப்போதுதான் கல்லூரி முதலாண்டு படிக்கும் தங்கை வந்து நின்றாள். "அண்ணே, பிரவுசரும் வீடியோ வகுப்பும் சேர்ந்து திறந்தா லேப்டாப் அப்படியே நின்னு போகுது. ஆன்லைன் டெஸ்ட் பாதியிலயே போச்சு. அடுத்த டெஸ்ட்டு பத்து நாள்ல இருக்கு."

அவள் பயன்படுத்துவது நான் பிளஸ் 2 முடித்தபோது கிடைத்த அரசு லேப்டாப். கடையில் கேட்டால் "புதுசு வாங்கிடுங்க தம்பி" என்றார்கள். புதிய லேப்டாப்புக்குப் பணம் எங்கே போவது?

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் மூலம் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கப்பட்டது. அதனால் நம் ஊர்களில் ஒரே குடும்பத்தில் இரண்டு, மூன்று பழைய லேப்டாப் இருப்பது சாதாரணம். ஒன்றில் திரை போயிருக்கும், இன்னொன்றில் பேட்டரி போயிருக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒன்று நன்றாக ஓடும். ஆனால் எதை எதோடு சேர்க்கலாம் என்று தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும்.

முதலில் நான் செய்த தவறு

எங்கள் பீரோ மேல் அக்காவின் லேப்டாப் கிடந்தது. என்னுடையதைவிட ஐந்து வருடம் பழையது, ஆன் ஆகாது. அதிலிருந்த ரேமைக் கழற்றி என்னுடையதில் போடப் பார்த்தேன். உட்காரவே இல்லை. அக்காவுடையது டிடிஆர்3, என்னுடையது டிடிஆர்4. இரண்டிலும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும்.

பிறகு சித்தி மகனின் லேப்டாப் ஞாபகம் வந்தது. அவனும் நானும் ஒரே வருடம் பிளஸ் 2. அதே மாடல். கீழே விழுந்து திரை உடைந்து கிடந்தது. "எடுத்துக்கோ, சும்மாதானே கிடக்கு" என்று கொடுத்தான். அதிலிருந்த 4 ஜிபி ரேம் என்னுடையதில் சரியாக உட்கார்ந்தது. 4 ஜிபி, 8 ஜிபி ஆனது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

எதை மாற்றலாம்?

*ரேம்:* இரண்டும் ஒரே தலைமுறையாக இருக்க வேண்டும். ரேம் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை மொபைலில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 'பிசி3' என்றால் டிடிஆர்3, 'பிசி4' என்றால் டிடிஆர்4. 'பிசி3எல்' என்பது 1.35 வோல்ட்டில் ஓடும் வகை. சாதாரண டிடிஆர்3 ரேமுக்கு 1.5 வோல்ட் வேண்டும். எனவே பிசி3எல் இருந்த இடத்தில் பிசி3எல் போடுவதே பாதுகாப்பு. விண்டோஸ் 10-ல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் மொத்தம் எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். ஸ்லாட் ஒன்றுதான் என்றால் இருப்பதைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதைத்தான் போட முடியும்.

*ஹார்டு டிஸ்க்:* பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா டிஸ்க் இருக்கும். வருடம் மாறினாலும் பொருந்த வாய்ப்பு அதிகம். ஆனால் தடிமன் 7 மில்லிமீட்டரா 9.5 மில்லிமீட்டரா என்று பாருங்கள்.

*சார்ஜர், கீபோர்டு, பேட்டரி, திரை:* ஒரே மாடல் என்றால் மட்டும். சார்ஜரில் பின் பொருந்தினால் போதாது, வோல்ட் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது.

*பிராசஸர்:* பெரும்பாலான மாடல்களில் மதர்போர்டோடு பற்றவைத்திருக்கும். அதை விட்டுவிடுங்கள்.

எப்படி மாற்றுவது?

1. லேப்டாப்பை ஷட் டவுன் செய்து சார்ஜரைப் பிடுங்குங்கள். கழற்றும் பேட்டரி என்றால் கழற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் வகை என்றால் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பைப் பிரியுங்கள். பிறகு பவர் பட்டனை 20 வினாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

2. உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். நமக்குத் தெரியாமலே கையிலிருந்து பாயும் சின்ன மின்சாரம் ரேமைக் கெடுத்துவிடும். நம் மாவட்டம் காய்ந்த பூமி, இங்கே இது கூடுதலாகவே இருக்கும். நான் இதைச் சொன்னபோது அம்மா சிரித்தார். "மருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி செம்புத் தகட்டுல கை வைப்போம்ல, அதே கதைதான். நைலான் சேலையும் ஆகாது." அதே பாடம்தான் இங்கும். பருத்தி உடை போடுங்கள். மண்ணில் இறங்கியிருக்கும் இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

3. ஒவ்வொரு திருகையும் கழற்றும் முன் மொபைலில் போட்டோ எடுங்கள். எந்தத் திருகு எங்கே என்று பிறகு குழப்பம் வராது.

4. ரேமின் இரு பக்கமும் உள்ள கிளிப்பை விலக்கினால் அது சாய்ந்து எழும்பும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், தங்க நிறப் பகுதியைத் தொடாதீர்கள். போடும்போது அதே சாய்வில் செருகி, கிளிக் சத்தம் வரும்வரை மெதுவாகக் கீழே அழுத்துங்கள்.

5. ஆன் செய்தும் திரை கறுப்பாகவே இருந்தால் பயப்பட வேண்டாம். பவரை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி, தங்கப் பகுதியை ரப்பரால் லேசாகத் துடைத்து மறுபடி போடுங்கள். ஒவ்வொரு ரேமாகப் போட்டுப் பார்த்தால் எது கெட்டது என்று தெரியும்.

எது மாறாது?

ரேமை ஏற்றிய பிறகு தங்கையின் பிரவுசர் நின்று போவது நின்றது. டெஸ்ட்டையும் முழுதாக எழுதி முடித்தாள். ஆனால் லேப்டாப் ஆன் ஆகும் நேரம் பெரிதாகக் குறையவில்லை. அதற்குக் காரணம் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். இன்னொரு பழைய ஹார்டு டிஸ்க்கை மாட்டினாலும் அதே வேகம்தான். வேகம் வேண்டுமென்றால் எஸ்எஸ்டி ஒன்று மட்டும் புதிதாக வாங்க வேண்டும். ஆலை திறந்து சில மாதம் கழித்துத்தான் நாங்கள் வாங்கினோம்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய லேப்டாப் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் இலவசம். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்த்தே தரப்பட்டது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அதன் புதிய பதிப்பையோ, எடை குறைந்த வேறு லினக்ஸையோ போட்டுப் பார்க்கலாம்.

பேட்டரி விஷயத்தில் விளையாடாதீர்கள்

பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ, நெம்பவோ, சார்ஜ் போடவோ கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது சுலபமல்ல. பட்டாசு, தீப்பெட்டி, அவற்றுக்கான காகிதம், மூலப்பொருள் எதன் பக்கத்திலும் பழைய பேட்டரியை வைக்காதீர்கள். உப்பிய பேட்டரியை எடுக்க முடியவில்லை என்றால் சர்வீஸ் கடையில் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

தூக்கிப்போடும் முன்

பழைய டிஸ்க்கில் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், குடும்பப் போட்டோ எல்லாம் இருக்கும். யூஎஸ்பி டிஸ்க் கேஸ் ஒன்றில் போட்டு மொபைல் சார்ஜர் மாட்டுவதுபோல வேறு கணினியில் இணைத்தால், ஆன் ஆகாத லேப்டாப்பின் டிஸ்க்கிலிருந்தும் பெரும்பாலும் எடுத்துவிடலாம். எடுத்த பிறகு டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டுத்தான் வெளியே கொடுக்க வேண்டும். தொலைந்த சான்றிதழ் ஏதும் இருந்தால் டிஜிலாக்கரில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

மிஞ்சிய மதர்போர்டு, உடைந்த திரை, பேட்டரி இவற்றைக் குப்பை வண்டியில் போடக் கூடாது, செம்புக் கம்பிக்காக எரிக்கவும் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி மதர்போர்டும் திரையும் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். பழைய இரும்புக் கடையில் போடும் முன் இதை யோசியுங்கள்.

இந்த வார விடுமுறையில் பீரோ மேலே ஒரு பார்வை பாருங்கள். அங்கே கிடக்கும் லேப்டாப்பின் மாடல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் வீட்டில், பக்கத்து வீட்டில் அதே மாடல் சும்மா கிடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் வீட்டில் வேலை நடந்தது அப்படிக் கேட்டதால்தான்.