எந்தத் தேர்வு என்று கேட்ட மருமகளுக்கு

ஜமுனாமரத்தூர்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. சாமை அறுவடை முடிந்து உன் அம்மா களத்து வேலையில் இருக்கிறாள். நீ கேட்டதற்கு நானே பதில் எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜி.ஆர்.இ. எழுதுவதா, ஜிமேட் எழுதுவதா, இரண்டுக்கும் சேர்த்துப் பயிற்சி மையத்தில் பணம் கட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். பணம் கட்டுவதைக் கொஞ்சம் நிறுத்தி வை, கண்ணு. எந்தத் தேர்வு என்பதை நீயும் முடிவு செய்ய முடியாது, பயிற்சி மையமும் முடிவு செய்யக்கூடாது. நீ சேர விரும்பும் துறைதான் அதைச் சொல்ல வேண்டும். துறையை முதலில் தேர்ந்தெடு.

ஜிமேட்டை இப்போதே விட்டுவிடு. அது எம்.பி.ஏ. போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்கானது. நீ வானியலில் முனைவர் பட்டம் வாங்க ஆசைப்படுகிறாய். எந்த இயற்பியல் துறையும் உன்னிடம் ஜிமேட் கேட்காது. பின்னாளில் மனம் மாறி எம்.பி.ஏ. பக்கம் போனாலும், ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணை ஏற்கும் மேலாண்மைக் கல்லூரிகள் நிறைய உண்டு.

ஜி.ஆர்.இ.யாவது கட்டாயமா என்றால், அதுவும் இல்லை. முதுநிலை, முனைவர் படிப்புச் சேர்க்கையில் ஜி.ஆர்.இ.யையும் அதன் இயற்பியல் பாடத் தேர்வையும் கைவிடுங்கள், அல்லது விருப்பத்துக்கு விடுங்கள் என்று அமெரிக்க வானியல் கழகமே 2016இல் துறைகளுக்குப் பரிந்துரைத்தது. அதன்பின் பல துறைகள் கேட்பதில்லை. சில துறைகள் ‘விருப்பமிருந்தால் அனுப்பலாம்’ என்கின்றன. இன்னும் கேட்கிற இடங்களும் உண்டு. பிரிட்டனில் பெரும்பாலும் கேட்பதில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது. ஆனால் இந்திய மாணவர்கள் தங்கள் சான்றிதழ்களை ஏ.பி.எஸ். அமைப்பிடம் சரிபார்த்து வாங்கியாக வேண்டும். அங்கே சில பாடங்களுக்கு ஜி.ஆர்.இ. அல்லது நம் நாட்டுக் ‘கேட்’ தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்பார்கள்.

அதனால் ஒரு நோட்டு போடு. பத்துப் பன்னிரண்டு துறைகளின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விவரங்களைக் குறி: என்ன தேர்வு கேட்கிறார்கள், கடைசி நாள் எது, விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை உண்டா. அந்த வருடத்துச் சேர்க்கை அறிவிப்பை நீயே படித்து எழுது. யாரோ சொன்னதை எழுதாதே. கட்டணம் கட்ட முடியாத நிலையை விளக்கி மின்னஞ்சல் அனுப்பினால் தள்ளுபடி தரும் துறைகளும் உண்டு. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நோட்டு என்ன சொன்னாலும் கேட் தேர்வை எழுதிவிடு. நம் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம்தான், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும், ஐ.ஐ.டி.களின் கதவும் திறக்கும். ஜி.ஆர்.இ.க்கோ இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். உன் நோட்டில் இரண்டு மூன்று துறைகளாவது அதைக் கேட்டால் மட்டும் எழுது.

எழுதுவதானால் பயப்பட ஒன்றுமில்லை. 2023 செப்டம்பரில் அதைச் சுருக்கிவிட்டார்கள். மொத்தம் 1 மணி 58 நிமிடம். ஒரு கட்டுரை, ஆங்கிலத்தில் 27 கேள்வி, கணக்கில் 27 கேள்வி. கணக்கு நம் பள்ளிக்கூடக் கணக்குதான், வகை நுண்கணிதம் வராது. ஆனால் நிதானம் வேண்டும். x² பெரியதா, x பெரியதா என்று கேட்பார்கள். 2 என்று வைத்துப் பார்த்தால் x² பெரியது. ½ என்று வைத்தால் x பெரியது. ‘முடிவு சொல்ல இயலாது’ என்பதே சரியான விடை. அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் விழுவார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், எதையும் விடாமல் எழுது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த உனக்கு ஆங்கிலப் பகுதிதான் பாரமாக இருக்கும். சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, தினமும் ஓர் அறிவியல் கட்டுரையைப் படித்து, அதன் வாதத்தை உன் சொல்லில் அரைப் பக்கம் எழுதிப் பழகு. கட்டுரைக்கும் அதுவே பயிற்சி.

ஜி.ஆர்.இ. மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும், ஆங்கிலத் திறனுக்கான ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டே ஆண்டு. ஆகவே ஆங்கிலத் தேர்வை விண்ணப்பிக்கும் சமயத்தில் வைத்துக்கொள். ஜி.ஆர்.இ.யை வீட்டிலிருந்து எழுதும் வசதி இருக்கிறது என்பதற்காக மலையில் உட்கார்ந்து எழுதாதே. இங்கே கரண்டும் சிக்னலும் எப்போது போகும் என்று உனக்கே தெரியும். சென்னைக்குப் போய் மையத்தில் எழுது.

பாஸ்போர்ட்டுக்கு இப்போதே விண்ணப்பி. நம் சான்றிதழ்களில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். தேர்வுக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடு. வாசலில் திருப்பி அனுப்பினால் கட்டிய பணம் போய்விடும்.

பணத்தை நினைத்துக் கலங்காதே. அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் துறையே கட்டணத்தை ஏற்று, மாதச் செலவுக்கும் கொடுக்கும். முதுநிலைக்குப் போனால்தான் கையைக் கடிக்கும். ஒன்றிய பழங்குடியினர் நல அமைச்சகம் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 20 பேருக்கு உதவித்தொகை தருகிறது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அரசின் தாட்கோ நிறுவனம் மூலம் ஜி.ஆர்.இ., ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சியும் உண்டு. பயிற்சி மையத்தில் கட்டுவதற்கு முன் அங்கே விசாரி. எல்லாவற்றுக்கும் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கேட்பார்கள். சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க நாள் பிடிக்கும். அந்த அலைச்சலை என்னிடம் விட்டுவிடு.

உதவித்தொகையில் படிப்பதைக் குறைவாக நினைக்காதே. நம் மலையில் காவலூரில் நிற்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்குப் பெயர் தந்த வானியலாளர் வைணு பாப்பு, ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில்தான் 1949இல் ஹார்வர்டு போனார். போய்ச் சேர்ந்த அதே ஆண்டில் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். திரும்பி வந்து, வானாய்வகம் அமைக்க இருண்ட வானம் தேடி நம் ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தார். 1977இல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தபோது காவலூரிலிருந்தும் அதைப் பதிவு செய்தார்கள். இந்த மலையில் ஊர் ஊராகப் பிள்ளைகள் அந்தத் தொலைநோக்கிக் கூண்டைப் பார்த்து வளர்கிறார்கள். அதற்குள் உட்கார்ந்து வேலை செய்யும் தகுதியோடு நம் வீட்டுப் பெண் ஒருத்தி வர வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக ஒன்று: தேர்வு மதிப்பெண்ணைவிட உன்னை நன்றாக அறிந்த பேராசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதமும், நீ செய்த ஆய்வும் துறைகளிடம் அதிகம் பேசும். ஆகவே திட்டக்கட்டுரையை ஒப்புக்கு முடிக்காதே.

பொங்கலுக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வா. உட்கார்ந்து பார்த்துவிட்டு, எதற்குப் பணம் கட்டுவது என்று முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் மாமா