பெயர் கேட்டால் எண் சொல்வோர் யார்?

மனிதருக்குப் பெயர் நினைவில் நிற்கும். கணினிக்கோ எண் வேண்டும். இணையத்தில் நாம் தட்டும் பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாட்டையே டி.என்.எஸ். என்கிறோம். தொடக்கத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில், ஒரே பட்டியலாகப் பேணப்பட்டன. பட்டியல் பெருகித் தாங்க முடியாமற் போகவே, 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் என்பார் இப்பொறுப்பைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார்.

நாம் ஒன்றும் செய்யாவிடின், வீட்டுக் கணினி இக்கேள்வியை இணைப்புத் தந்த நிறுவனத்தின் சர்வரிடமே கேட்கும். எங்கள் ஏனாத்தூர் வீட்டில், மாலை வேளைகளில் ஒரு பக்கம் திறக்கத் தொடங்கவே நெடுநேரம் ஆகும். தொடங்கிவிட்டாலோ விரைந்து வந்துவிடும். குறை பெயர் தேடுவதில் இருக்கலாம் என்பதற்கு இது ஓர் அடையாளம். அன்றியும், இல்லாத பெயரைத் தட்டினால் ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற நேர்மையான விடைக்குப் பதிலாக விளம்பரம் ஒன்று வந்து நிற்கும். இவ்விரண்டுமே என்னை வேறு சர்வர் தேடச் செய்தன.

ஈண்டு நம் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துக்கொள்கிறேன். கி.பி. 921ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்குடவோலை விதியின்படி, ஏதும் அறியாச் சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை நடுவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். அவர் படித்தபின் அங்குள்ள நம்பிமார் அனைவரும் படிக்கவேண்டும். பெயரைப் படித்துச் சொல்பவன் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று அன்றே எண்ணியிருக்கிறார்கள்! டி.என்.எஸ்.ஸில் அவ்வாறே நடந்ததும் உண்டு. ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்னும் தீநிரல், உலகெங்கும் சுமார் 40 இலட்சம் கணினிகளில் சர்வர் எண்ணை மாற்றி, மோசடிக்காரர்களின் சர்வரிடம் கேட்க வைத்தது. 2011 நவம்பரில்தான் அக்கூட்டம் பிடிபட்டது. ஆகவே யாரோ சொன்னார் என்று முன்பின் அறியாத எண்ணை இடுதல் தகாது.

நான் ஆராய்ந்தவை மூன்று. கூகிளின் 8.8.8.8, 2009இல் வந்தது. கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, 2018இல் வந்தது. குவாட்9இன் 9.9.9.9 இலாப நோக்கற்றது. தீயவை என அறியப்பட்ட பெயர்களுக்கு விடை தர மறுப்பது. கூகிள் நம் முகவரி எண்ணின் ஒரு பகுதியை மேற்சர்வர்களுக்குத் தெரிவிப்பதுண்டு; அதனால் அருகிலுள்ள நிலையத்திலிருந்து படமும் பாட்டும் வர வாய்ப்பு மிகுதி. கிளவுட்ஃபிளேர் பொதுவாக அவ்வாறு தெரிவிப்பதில்லை. ‘பிங்’ கட்டளையால் மூன்றையும் காலையிலும் மாலையிலும் சோதித்தேன். வேறுபாடு பெரிதாக இல்லை. வீட்டில் தங்கையும் அதே கணினியில் படிப்பதால் குவாட்9ஐயே தேர்ந்தேன்.

விண்டோஸ் 11இல் ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, ‘வைஃபை’, ‘ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ்’ என்று சென்று, டி.என்.எஸ். வரிக்கு எதிரேயுள்ள ‘எடிட்’டை அழுத்தி, ‘மானுவல்’ என்பதைத் தேர்ந்து, முதல் எண் 9.9.9.9, மாற்று எண் 149.112.112.112 என இடவேண்டும். இரண்டும் ஒரே நிறுவனத்தினவாக இருத்தல் நலம். வடிகட்டும் சர்வரோடு வடிகட்டாததைச் சேர்த்தால், எதனிடம் கணினி கேட்கும் என்பது உறுதியில்லை. இணைப்பில் ஐ.பி. ஆறாம் பதிப்பும் இருப்பின் அதற்கும் தனியே எண் இடவேண்டும். இல்லையேல் கணினி பழைய சர்வரிடமே கேட்டுக்கொண்டிருக்கும்.

இதனால் இணைப்பின் வேகம் கூடிவிடாது. நாம் செல்லும் தளங்கள் இணைப்பு நிறுவனத்துக்குத் தெரியாமலும் போகா. கேள்வியை மறைகுறியாக்கும் வசதியும் அதே பக்கத்தில் உண்டு, அதையும் இயக்கிவைத்தேன். கல்லூரி, அலுவலகம் போன்ற இடங்களின் உட்பெயர்கள் வெளிச் சர்வருக்குத் தெரியா. மடிக்கணினியை அங்கே கொண்டுசெல்வோர் ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றிக்கொள்க.