ஆச்சியின் கால்பலம்

சிரஞ்சீவி கோமதிக்குச் சின்னத் தாத்தாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. காய்ச்சலில் 15 நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துவிட்டு வீடு திரும்பிய ஆச்சிக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க இரண்டு கைகளையும் ஊன்ற வேண்டியிருக்கிறது என்றும், வாசற்படி இறங்க யாராவது தோள் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றும், வீட்டார் எல்லோரும் அவர்களை ஓர் அடி நடக்கவிடாமல் கட்டிலிலேயே கஞ்சியும் ரசஞ்சாதமுமாகக் கொடுத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துவருகிறார்கள் என்றும் எழுதிவிட்டு, கடைசியில், மருந்துக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் சத்துமாவு டப்பாக்களில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாமல் ஒரு வார்த்தை விசாரிக்கத் தோன்றியதே, அதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நேராக விடை சொல்வதானால், நீ எதை வாங்கினாலும் ஒன்றுதான். ஆச்சி கட்டிலிலேயே இருக்கும்வரை அந்த மாவினால் கால்களுக்குப் பிரயோசனம் இல்லை. ஆயுளில் பெரும்பகுதியை வைத்தியத் தொழிலில் கழித்தவன் என்பதற்காக நான் சொல்வதையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். காரணங்களைச் சாவகாசமாகவே எழுதுகிறேன், படித்துப் பார்.

முப்பது வயதைத் தாண்டிய மனித சரீரத்தில் தசையானது பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை குறைந்துகொண்டே வருகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் இன்னும் கூடுகிறது. தசையின் அளவு குறைவதைக் காட்டிலும் அதன் பலம் வெகு துரிதமாகக் குறைகிறது என்பதுதான் இதிலுள்ள விசித்திரம். நம் தசைகளில் நிதானமாக நெடுநேரம் உழைக்கும் நார்களும் உண்டு, சட்டென்று முழுப் பலத்தையும் காட்டிவிட்டு ஓய்ந்துபோகும் நார்களும் உண்டு. முதுமை முக்கியமாகக் கைவைப்பது இந்த இரண்டாவது வகையின் மேல். முதுகுத்தண்டிலிருந்து அவற்றுக்கு ஆணை கொண்டுபோகும் நரம்பணுக்கள் வயோதிகத்தில் ஒவ்வொன்றாக மடிந்துபோக, நாதியற்றுப்போன நார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தன்னோடு சேர்த்துக்கொள்கிறது, மற்றவை நசித்துவிடுகின்றன. கால் இடறிய க்ஷணத்தில் மறுகாலை முன்னே எடுத்து வைத்து நம்மை விழாமல் காப்பாற்றுவது அந்தத் துரித நார்களே ஆகையால், கிழவர்கள் விழுவதற்குக் கண் மங்கியதை மட்டும் காரணமாகச் சொல்வது அரைக் காரணந்தான். 1988-ல் இர்வின் ரோஸன்பர்க் என்ற அமெரிக்க ஆகாரத் துறை நிபுணர் ‘ஸார்க்கோபீனியா’ என்று பெயரிடும்வரையில் வைத்திய உலகம் இந்தத் தேய்மானத்துக்கு ஒரு தனிப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. வயசாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுவதே வழக்கமாக இருந்தது.

வயதினால் வருகிற நஷ்டம் இப்படி மெதுவாக வருமென்றால், படுக்கையினால் வருகிற நஷ்டம் பாய்ந்து வருகிறது. ஜுரம் வந்த தேகம், நோயை எதிர்ப்பதற்கு வேண்டிய புரதத்தைத் தன் தசைகளிலிருந்தே, பஞ்ச காலத்தில் குலுக்கையைத் திறந்து நெல்லை அள்ளுவதுபோல, எடுத்துச் செலவு செய்கிறது. அதோடு அசைவும் நின்றுபோனால் எடுத்ததைத் திரும்ப நிரப்புகிற வேலையும் நின்றுவிடுகிறது. சராசரி 67 வயதுள்ள, யாதொரு நோயும் இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்தே நாள் படுக்கையில் இருத்திப் பார்த்த ஒரு பரிசோதனையின் முடிவு 2007-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்துபோயிருந்தது. அவர்கள் ஆரோக்கியவான்கள், உன் ஆச்சி 15 நாள் ஜுரத்தோடு கிடந்தவர்கள். மிச்சத்தை நீயே ஊகித்துக்கொள்வாய். ஆகவே, பாவம், வயதானவர்கள், அலுங்காமல் இருக்கட்டும் என்று வீட்டார் காட்டுகிற பரிவு, அந்தக் கால்களுக்குச் செய்கிற உபகாரமன்று என்பதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி, டப்பா விஷயம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் யூதர்கள் நடத்தும் முதியோர் மருத்துவ விடுதி ஒன்றில், மரியா ஃபியடரோன் என்ற பெண் வைத்தியர் தம் சகாக்களோடு செய்த இரண்டு பரிசோதனைகளை இந்தத் துறையில் எவரும் மறப்பதற்கில்லை. 1990-ல் வெளிவந்த முதல் பரிசோதனையில் அவர்கள் எடுத்துக்கொண்டவர்கள் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேர். தளர்ந்தவர்கள், விடுதியே கதியென்று கிடந்தவர்கள். இப்படிப்பட்டவர்களை, ஒருவர் தம் முழுப் பலத்தையும் கூட்டி ஒரே ஒருமுறை தூக்கக்கூடிய பாரம் எவ்வளவோ அதில் நூற்றுக்கு எண்பது பங்குப் பாரத்தைக் காலால் தூக்கும்படி, வாரம் மூன்று நாள், எட்டு வாரம் பழக்கினார்கள். அக்காலத்தில் இதைக் கேட்டவர்கள் பதறியிருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. எட்டு வாரம் முடிந்தபோது கால்பலம் சராசரி 174 சதவீதம் உயர்ந்திருந்தது; தொடைத் தசையின் பருமன் 9 சதவீதம் கூடியிருந்தது; இருவர் கைத்தடியை ஒதுக்கி வைத்துவிட்டு நடந்தார்கள். பயிற்சியை நிறுத்திய நாலே வாரத்தில், ஈட்டிய பலத்தின் உச்சத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்ற கசப்பான செய்தியையும் அவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

நான்கு ஆண்டு கழித்து, 1994-ல், அவர்களே இன்னும் பெரிய பரிசோதனையாகச் சராசரி 87 வயதுள்ள 100 பேரை எடுத்துக்கொண்டு நாலு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பாரப் பயிற்சி. ஒரு பிரிவுக்கு நாள்தோறும் 360 கலோரி தரும் சத்துப்பானம். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தின் முடிவில், பயிற்சி செய்தவர்களுக்குக் கால்பலம் 113 சதவீதம் உயர்ந்தது; செய்யாதவர்களுக்கு 3 சதவீதம். சத்துப்பானத்தை மட்டும் குடித்தவர்களோ இருந்த இடத்திலேயே இருந்தார்கள்! ஏனென்று பார்த்தால், பானத்தைக் குடித்தவர்கள் அந்த அளவுக்குத் தட்டில் வைத்த உணவைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சியும் சேர்ந்தவர்களுக்குத்தான் மொத்த ஆகாரம் கூடியிருக்கிறது. உழைத்த உடம்பு பசித்துக் கேட்கிறது. உழைக்காத உடம்பு ஒரு கையால் வாங்கி மறுகையால் தள்ளிவிடுகிறது. உனக்கு முதலிலேயே அப்படி விடை சொன்னதற்கு இதுவே எனக்குள்ள ஆதாரம்.

ஆகாரம் அநாவசியம் என்று இதற்குப் பொருள் கொண்டுவிடாதே. பாரம் கேட்டதைக் கட்டிக் கொடுக்கச் சரக்கு வேண்டும், அது புரதம். சாதாரண மனிதருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் போதுமென்று நெடுங்காலமாகச் சொல்லிவந்த கணக்கை, முதியோர் விஷயத்தில் 1 முதல் 1.2 கிராம் வரை உயர்த்த வேண்டுமென்று 2013-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று சிபாரிசு செய்தது. ஆச்சியின் எடை 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 50 அல்லது 60 கிராம் ஆகிறது. அதையும் ஒரே வேளையில் திணித்துவிட்டு மற்ற வேளைகளில் கஞ்சி ஊற்றினால் பலன் குறைவு; வயதான தசை உணவில் வரும் புரதத்துக்கு மந்தமாகவே செவிசாய்ப்பதால், இளைஞர்களுக்குப் போதுமான சிற்றளவு அதை எழுப்புவதில்லை, ஒவ்வொரு வேளையும் 20, 25 கிராமாவது சேர்ந்து வர வேண்டும். ஒரு கிண்ணம் கஞ்சியில் இரண்டு மூன்று கிராமும், இரண்டு இட்லியில் நாலைந்து கிராமும் தவிர வேறொன்றும் இல்லை. ஜீரணம் கெட்ட இரண்டு நாளைக்குக் கஞ்சி உத்தமமான பத்தியம். அதை மாதக்கணக்கில் நீட்டுவது பட்டினியின் இன்னொரு ரூபம்.

நம் குடும்பத்தில் முட்டையும் மீனும் சமையலறைக்குள் வந்ததில்லை. ஆச்சியிடம் இந்த வயதில் அதைப் பற்றிப் பிரசங்கம் செய்யாதே. உளுந்தஞ்சோறு இருக்கிறதே! தொலி உளுந்தும் அரிசியும் தேங்காய்த் துருவலும் பூண்டும் வெந்தயமும் சேர்த்துக் குழைய வேகவைத்து எள்ளுத் துவையலோடு இலையில் வைக்கும் அந்தச் சோற்றில், ஆளுக்கு 50 கிராம் உளுந்து விழுந்தால் அதிலேயே 12 கிராம் புரதம் ஆயிற்று. அரிசியில் மூன்று நாலு கிராமும், மேலே ஒரு தம்ளர் பாலோ மோராக்காத கெட்டித் தயிரோ கொடுத்தால் இன்னொரு ஆறு கிராமும் சேர்ந்து, ஒரு வேளைக்கு வேண்டியது கைகூடிவிடுகிறது. பருப்பில் குறையாக உள்ள ஒரு சத்து எள்ளிலும் அரிசியிலும் இருக்கிறது. அரிசியில் குறையாக உள்ளது பருப்பில் இருக்கிறது. இந்த ரசாயனம் தெரிந்துதான் நம் பெரியவர்கள் சேர்த்தார்கள் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். நாக்குக்கு நன்றாயிருந்தது, சேர்த்தார்கள். மற்ற வேளைகளுக்குக் காணத் துவையல், பொரிகடலைச் சட்னி, நன்றாக வேகவைத்து மசித்த சுண்டல், பல் இடங்கொடாவிட்டால் இடித்த வேர்க்கடலைப் பொடி என்று உன் அம்மாவுக்கு ஆயிரம் வழி தெரியும். வைட்டமின் டி குறைந்தாலும் தொடைத் தசை தளரும். ரத்தப் பரிசோதனையில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் காயமுற்ற சிப்பாய்களின் கால்களைத் தேற்றுவதற்கு, பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போவதுதான் வழி என்று தாமஸ் டிலோர்ம் என்ற ராணுவ வைத்தியர் 1945-ல் எழுதினார். இன்றைக்கும் அஸ்திவாரம் அதுதான். ஆச்சிக்கு யந்திரம் எதுவும் வேண்டாம், அவர்களுடைய உடம்பே பாரம். கையில்லாத, கெட்டியான மர நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போடு. முதலில் அதன்மேல் இரண்டு தலையணையை வைத்து உயர்த்தி, பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு முன்னே சாய்ந்து எழச் சொல்; உட்காரும்போது பொத்தென்று விழாமல், நாலு எண்ணுகிற நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல உட்கார வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஐந்தாறு முறையில் கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால் அளவு சரி. சிரமமே இல்லையென்றால் ஒரு தலையணையை எடுத்துவிடு. இரண்டும் போன பிறகு, ஒரு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வாரம் மூன்று நாள், நடுவே ஒரு நாள் ஓய்வு. தலைசுற்றலோ மார்வலியோ வந்தால் அந்த க்ஷணமே நிறுத்திவிட வேண்டும்.

கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று மாதம் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வை. 12 விநாடிக்குக் குறையாமல் ஆகுமானால் தசை தளர்ந்திருக்கலாம் என்று சந்தேகிக்கச் சொல்லி ஆசிய நாடுகளின் நிபுணர்கள் 2019-ல் ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் ஆச்சியால் ஐந்து முறை முடியாமலேகூடப் போகலாம். அதையும் அப்படியே குறி.

இதற்கு என் மதினி, அதாவது உன் ஆச்சி, என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நெல்லையப்பர் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்தால் போதாதா, இதென்ன சர்க்கஸ் என்பார்கள். பிராகாரம் சுற்றுவது இருதயத்துக்கும் மனசுக்கும் உத்தமம். அதை விட வேண்டாம். ஆனால் சமதரையில் மெதுவாக நடக்கும்போது வேலை செய்வது பெரும்பாலும் நிதானமான நார்களே. துரித நார்களைத் தேகம் கூப்பிடுவது பாரம் அழுத்துகிறபோதுதான். அந்தக் காலத்தில் கிணற்றில் நீர் இறைத்ததிலும், உரலில் குத்தியதிலும், தரையில் சம்மணமிட்டு உண்டு எழுந்ததிலும் அந்தப் பாரம் தன்னால் கிடைத்தது. அதற்காக ஆச்சியை மறுபடி உரலடிக்கு அனுப்பச் சொல்லவில்லை, முழங்கால் வலிக்காரர்களைத் தரையில் உட்காரச் சொல்லவும் இல்லை, நாற்காலி போதும்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் புரதத்தைக் கூட்டுவது தீங்காக முடியலாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்களில் கிரியாட்டினின் என்ற வரிக்கு நேரே உள்ள எண்ணையும், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஆச்சி சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் பார்த்து உடனே எனக்கு எழுது. அங்கே பார்க்கும் டாக்டரிடமும் காட்டிக் கேள். அது தெரிந்த பிறகுதான் உளுந்து எவ்வளவு என்று நான் சொல்வேன். தலையணை வைத்த நாற்காலியை மட்டும், டாக்டர் தடை சொல்லாவிட்டால், நாளைக்கே போடலாம்.

இப்படிக்கு,
உன் சின்னத் தாத்தா